அந்துவான் ஐயா துடைக்காத அரை டொலர்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் காய்ச்சலோடு இப்போதுதான் கண்ணயர்ந்தாள். விடிந்தால் எனக்குத் துணிவு வராது.

அந்துவான் ஐயா இறந்த செய்தியை நேற்றுக் காலை ஓல்னே நகரிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். ஞாயிறுதோறும் அவரோடு பழைய நாணயங்கள் பார்க்கக் கூடும் உங்களுக்கும் சொல்லியிருப்பார். நான் லா சப்பல் பகுதியில் ஐயாவுக்குக் கீழ்வீட்டில் இருப்பவள்.

அவருடைய 1795ஆம் ஆண்டு அமெரிக்க வெள்ளி அரை டொலர் உங்களுக்குத் தெரியும். என் கையில் முதன்முதலாகத் தந்தபோது, "விளிம்பப் பிடிங்க மதாம், முகத்தத் தொடாதீங்க" என்றார். சுற்றிவரப் பதினைந்து நட்சத்திரங்கள். நடுவில் கூந்தல் பறக்க ஒரு பெண். பின்புறம் இலைவளையத்துக்குள் மெலிந்த கழுகு.

"ஐயா, இந்தப் பொம்பிளை தலையிழுத்துச் சீவேல்லையோ?" என்றேன்.

"அதனாலதாம்மா இவள சீக்கிரமே மாத்திட்டாங்க. அதான் அபூர்வம்" என்று சிரித்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் சத்திரசிகிச்சைக்குப் போகையில் அதை என்னிடம் விட்டுச் சென்றார். குழந்தை எடுத்து விழுங்கிவிடுவாளோ என்ற பயத்தில் சுவாமித்தட்டில் உயரமாக வைத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தேன். பக்கத்தில் கறுத்துக் கிடந்த அந்தக் காசையும் தேய்த்தேன். அது பளபளத்தபோது, ஐயா மகிழ்வார் என்றே நினைத்தேன்.

வீடு திரும்பியவர் அதை விளிம்பில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இருநூறு வருஷத்துக் கறுப்ப ஒரே வெள்ளிக்கிழமையில தொடச்சிட்டீங்களே, மதாம்."

தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் மதிப்பில்லையென்று கழித்துவிடுவார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். அழுதேன். "முகம் கழுவின பொண்ணு ஊர்வலம் போக முடியாது, வீட்டுல இருக்கட்டும்" என்றார். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

நேற்று அவர் மகள் இன்னொன்றும் சொன்னார். அந்த நாணயத்தை ஐயா என் குழந்தைக்கென்று எழுதி வைத்திருக்கிறார். அதை இட்டு வைத்த உறையின் மேல் அவர் கையெழுத்தில், "தேய்க்கப்பட்டது. தவறு என்னுடையது." நீங்களும் அப்படியே நம்பி, இவ்வளவு கவனமான மனிதர் இப்படிச் செய்தாரே என்று இரண்டு வருடமாக அவரைக் கேலி செய்தீர்களாம். அவர் மறுக்கவேயில்லையாம்.

அவர் தேய்க்கவில்லை. நான்தான் தேய்த்தேன்.

காசை என் மகளுக்காக வைத்திருப்பேன். எனக்கென்று வைத்திருப்பது, என்னைக் காக்க அவர் எழுதிய அந்த ஒரு பொய். ஆனால் அவர் பெயரில் அந்தப் பிழை இனியும் நிற்கக்கூடாது. வரும் ஞாயிறு அவரை நினைத்துக் கூடும்போது, இதை உங்கள் எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லலாமா? தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.