அவிழ்த்துக் கொட்டிய மூட்டைகள்

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூரில் குடியிருந்தோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் நான் ஃபிட்டர். இருபது வருஷம் இரும்பு தூக்கியதில் இடுப்பு போய்விட்டது. இனி கனம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொள்ளலாம். புது வண்டிக்கு எங்கே போவது?

கல்மண்டபம் பகுதியில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார் பாதி வேலையில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் அதைப் புதுசாக்கப் போகிறேன் என்று எஞ்சின் முதல் கதவு வரை கழற்றிப் போட்டிருந்தாராம். திரும்பப் பூட்டுவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவிதான் விற்றார். வண்டியோடு இரண்டு சாக்கு நிறையத் துணி மூட்டைகளும் கொடுத்தார். பழைய புடவையைக் கிழித்துக் கட்டிய குட்டிக் குட்டி மூட்டைகள். உள்ளே நட்டும் போல்ட்டும்.

"அண்ணே, இந்த முடிச்சுங்கள..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"இருவது வருசமா ஃபிட்டரா கீறேம்மா. நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தனை மூட்டையையும் அவிழ்த்து ஒரே டிரம்மில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினேன். பட்டறையில் துரு எடுக்க அப்படித்தான் செய்வோம். அங்கே தினமும் கழற்றிப் பூட்டுவது அதே பம்புகள், எது எங்கே போகும் என்று கைக்கே தெரியும். துணியெல்லாம் அடுப்புக்குப் போனது.

அப்புறம் ஏழு மாதம். பட்டறை வேலை முடிந்து வந்து சட்டைகூட மாற்றாமல் வண்டிக்கடியில் படுப்பேன். ஒரு போல்ட் மூன்று சுற்று ஏறும், மரை சேராமல் நின்றுவிடும். நேற்று துடைத்த இடத்தில் இன்று உப்புக்காற்று துருவை ஏற்றி வைத்திருக்கும். எழுந்திருக்கக்கூடப் பிடிக்காமல் சக்கரத்தில் சாய்ந்து கிடந்த ஒரு நாள், காயலாங்கடைக்காரனை வரச் சொல்லிவிட்டேன். என் மனைவிதான், "அந்த அம்மாவ ஒரு தபா போய் கேட்டுதான் பாரேன்" என்றாள்.

போனேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "துணிய எரிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வந்தார். சாக்கை விரித்து டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் குவியல் குவியலாகப் பிரித்தார். சிவப்புத் துணி இடது பக்கமாம், பச்சை வலது பக்கமாம். முன்னாலிருந்து பின்னால் போகப் போக முடிச்சு ஒன்று, இரண்டு, மூன்று.

"அவரு சொன்னத இவ்ளோ ஞாபகம் வச்சிகினு கீறீங்களாம்மா?" என்றேன்.

"அவருக்கு வலது கை கப்பல்ல சாமான் தூக்குற வின்ச்சுல மாட்டி போயிட்ச்சு அண்ணே. ஸ்டூல்ல குந்திகினு சொல்வாரு. கயட்டுனது பூரா நான்தான்." தலை நிமிரவில்லை. "வாங்க வந்தவங்க எல்லாம் அவரு இன்னா பண்ணாருன்னுதான் கேட்டாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. ஸ்பானரை அவர் கையில் கொடுத்தேன். மூன்று ஞாயிறு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் வண்டிக்கடியில் போனார். அவர் கேட்டதை நான் எடுத்துக் கொடுத்தேன். நாலாவது ஞாயிறு எஞ்சின் ஓடத் தொடங்கியது.

அந்த வண்டிதான் ஒன்பது வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. யார் செய்த வேலை என்று முதலில் கேட்டது ஒரு தொழிற்சாலை மேனேஜர். பொம்பளை பூட்டிய வண்டி என்றால் ஆளை ஏற்ற விடமாட்டாரோ என்று பயந்து, "நான்தான் சார்" என்றேன். பிறகு பயம் போய்விட்டது, பொய் பழகிவிட்டது. கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னேன். அந்த அம்மா எதிரில் நின்றபோதும் ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் பட்ட கடன்களிலேயே திருப்பித் தராமல் விட்டது அந்த ஒரு வாக்கியம்தான், அதை இத்தனை வருஷம் கழித்து இங்கேயாவது எழுதிவிடுகிறேன்: அந்த வண்டியைப் பூட்டியது அவர்.