கரையெல்லாம் சொந்தக்காரர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவன். அதற்குப் பிறகு எழுதியது என்று சொன்னால், வேலையிடத்தில் விடுப்புக் கேட்டு எழுதிக்கொடுத்த சில வரிகள்தான். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கவேண்டிய கதிரையில் நான் வந்து உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று கேட்டவருக்கு ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. எவருக்கும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் இருக்கிறோம். நான் பிராண்டேயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் படித்து வேலையாகித் தனியாகப் போய்விட்டார்கள். வீடு அமைதியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் என் மனைவி இருக்கும் வீடு அமைதியாக இருக்காது. சமைக்கும்போது தொலைபேசி அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்குள்ளிருந்து யாராவது ஒருவர் எங்கள் வீட்டுக் குழம்புக்குப் புளி காணுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடம் என்னோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரர் ஓய்வு பெற்றார். முழங்கால் வருத்தத்தால் அவருக்குப் படகில் ஏறி இறங்க முடியவில்லை. அவருடைய சின்ன மோட்டார் படகை நான் வாங்கினேன். முன்பக்கம் ஒரு சிறிய அறை. அதற்குள் இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் ஒழுங்காக இருக்கக்கூட இடமில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் படகில் மிகவும் பிடித்தது அதுதான்.

மனைவியின் அண்ணன் ஹோர்சன்ஸில் இருக்கிறார். எனக்கு மச்சான். படகு வாங்கியதைக் கேள்விப்பட்டவுடன் தொலைபேசி எடுத்தார்.

"வெங்காயம் நட்ட சனத்துக்கு வள்ளம் என்னத்துக்கு மச்சான்? கரையில நிண்டு பாக்கக் காணாதே?"

ஊரில் எங்கள் ஆட்கள் தோட்டம் செய்தவர்கள். சிரித்தேன். அவருக்குச் சொல்லமுடியாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நாங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குத்தான் போனோம். லண்டன், பாரிஸ், ஜேர்மனி. எல்லோரும் நல்ல மனிதர்கள். தங்கள் கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டுத் தாங்கள் நிலத்தில் படுப்பார்கள். நான் சோபாவின் ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்து, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பேன். சமையல் நடக்கும் குசினியிலிருந்து மனைவியின் சிரிப்பு எல்லோருடையதையும் விடச் சத்தமாகக் கேட்கும். குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவையாவது, எங்களை எதிர்பார்த்து யாரும் சோறு போட்டுவைக்காத ஓர் இடத்தில், அவளோடு ஓர் இரவு இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. படகு வாங்கியது அதற்காகத்தான்.

குளிர்காலம் முழுவதும் கோடைப் பயணத்துக்குத் திட்டம் போட்டேன். படகோட்டும் பின்னேர வகுப்புக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் கடல் வரைபடத்தை விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் ஊறுகாய்ப் போத்தலையும் உப்புப் போத்தலையும் வைப்பேன். படகு ஸ்கீவயில் நிற்கிறது. அங்கிருந்து ஃபியோர்ட் எனப்படும் உள்கடல் வழியாக வடக்கே போய்க் கிழக்கே திரும்பி, ஓல்போர்க்கைத் தாண்டி, ஹல்ஸ் என்ற இடத்தில் திறந்த கடலுக்கு வரவேண்டும். பிறகு கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே கிரெனோ, எபெல்டொஃப்ட், ஓகூஸ், ஹோர்சன்ஸ், கடைசியில் வைல. இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வரும். நாங்கள் கிழக்குக் கரையோரமாகப் போவதால் நிலமே காற்றை மறைத்துக்கொள்ளும். கிழக்குக் காற்று வந்தால்தான் கஷ்டம். எங்கள் படகு வேகமானதும் அல்ல. அவசரமில்லாத ஒருவர் சைக்கிளில் போகும் வேகம். எங்கே பெற்றோல் கிடைக்கும், எங்கே கிடைக்காது, எந்தத் துறைமுகத்தின் வாசல் ஆழமில்லாதது என்றெல்லாம் பார்த்து வைத்தேன்.

ஓகூசுக்குக் கிட்ட, மூன்று பக்கமும் கரை சூழ்ந்த ஒரு சின்னக் குடா இருக்கிறது. துறைமுகத்துக்குள் போகாமல் அங்கே நங்கூரம் போட்டு நிற்கலாம். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தேன்.

பிறகு ஒரு பிழை விட்டேன். வைலயிலிருந்து படகை வீட்டுக்கு இழுத்துவர எங்கள் கார் காணாது. மச்சானுடைய கார் பெரியது, இழுவைக் கொக்கியும் இருக்கிறது. வந்து இழுத்துத் தரமுடியுமா என்று கேட்பதற்காக அவருக்குப் பயணத்தைச் சொன்னேன். எங்கள் ஆட்களில் ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொன்ன மாதிரித்தான். அன்று பின்னேரமே மனைவியின் தொலைபேசி ஓயவில்லை.

"ஓம் ஓம், உங்கட வாசலாலதான் போறம்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பின்ன, வராமல் போறதே?"

கடலை எப்படி வாசல் ஆக்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஓல்போர்க்கில் அவளோடு படித்த சிநேகிதி. கிரெனோவில் அவளுடைய சித்தியின் மகள். கடலே இல்லாத ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது. நீங்கள் கரையில் வந்து நில்லுங்கோ, நாங்கள் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போறம், சாப்பிட்டுப் படுத்துவிட்டுக் காலமை போகலாம் என்றார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மனைவி ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் எடுத்து என் வரைபடத்தில் ஒட்டினாள். கொஞ்ச நாளில் கடலைவிட மஞ்சள்தான் அதிகம் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, கிரெனோவில எத்தின மணிக்கு நிப்பம்?"

"அது காத்தைப் பொறுத்தது."

"காத்தைப் பொறுத்தது எண்டு சொன்னா அவள் என்னெண்டு அரிசி போடுறது?"

அடுத்தது சாமான்கள். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்கும் போக முடியாது. அதனால் வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி. றைஸ் குக்கரும் வரவேண்டும் என்றாள்.

"அது கரண்ட் இருக்கிற துறைமுகத்திலதான் வேலை செய்யும்," என்றேன்.

"அப்ப கரண்ட் இல்லாத இடத்தில ஏன் நிப்பான்?"

மச்சானுடைய பேத்திக்கு முதலாவது பிறந்தநாள். ஹோர்சன்ஸில் மண்டபம் எடுத்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் செய்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை எங்கள் பயணத்துக்குள் வந்தது. நாங்கள் நேரே கடலிலிருந்து மண்டபத்துக்கு வருவோம் என்று மச்சான் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"பட்டுச்சேலை ஒண்டு கொண்டரவேணும்," என்றாள் மனைவி.

"போட்டுக்குள்ள பட்டுச்சேலையோ?"

"பின்ன, பிறந்தநாள் வீட்டுக்கு லைஃப் ஜாக்கெட்டோடயே போறது?"

வகுப்பில் படிப்பித்தவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் ஒன்று இருந்தது. சின்னப் படகில் போகிறவர்கள் எந்த நாளில் வந்து சேர்வோம் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால், கரையில் நிற்கவேண்டிய காற்றிலும் புறப்பட்டுப் போவார்கள். அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட, மனம் நொந்தது வேறு காரணத்துக்காக. ஒவ்வொரு மஞ்சள் தாளையும் பார்க்கும்போது, என்னோடு தனியே இருக்க அவளுக்கு விருப்பமில்லை, நாலு பேர் இருந்தால்தான் அவளுக்குப் பொழுது போகும் என்று நினைத்துக்கொண்டேன். கதைக்கத் தெரியாதவனோடு படகில் இரண்டு கிழமை, பதினாலு நாள் என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவள் மேசையின் ஒரு பக்கத்தில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் கதைத்து முடித்துவிட்டு ஒரு தாளில் எழுதி, வரைபடத்தைத் தடவிப் பார்த்து ஒட்டினாள். நான் பென்சில் புள்ளி வைத்த குடாவுக்கு மேலேயே அது விழுந்தது.

"இதில மட்டும் ஒருத்தரையும் ஒட்டாதையும்," என்றேன்.

"ஏன்? தெரிஞ்ச சனம். கரையிலயிருந்து கார்ல கிட்டத்தான்."

"அங்க நங்கூரம் போட்டு நிப்பம் எண்டு நினைச்சன். நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

"நிண்டு என்ன செய்யிறது?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "என்னோட தனிய இருந்தா உமக்கு அலுக்கும் எண்டு தெரியும். ஒரு ராவுதான்."

கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆர் சொன்னது அலுக்கும் எண்டு? உங்களோட கதைக்காமல் இருக்கிறது எனக்குக் கலியாணம் கட்டின நாளிலயிருந்து பழக்கம். தண்ணியோடதான் எனக்குப் பழக்கமில்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் எழும்பி வந்து, கத்தரிக்காய்க் கறை பிடித்த விரலால் ஒவ்வொரு தாளாகத் தொட்டாள்.

"இதில ஏதும் எண்டா இவள் வருவாள். கார் ஓடுவாள். இஞ்ச இவை நிக்கினம். இஞ்சயிருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை, அதுதான் அந்தச் சனத்துக்கு எடுத்துக் கதைச்சனான். கரையில என்னைத் தெரிஞ்ச ஒரு ஆள் நிக்குது எண்டா எனக்குக் காணும்."

"உமக்கு நீந்தத் தெரியாதோ?"

"இவ்வளவு காலத்தில நான் முழங்காலுக்கு மேல தண்ணிக்குள்ள இறங்கிப் பாத்தனீங்களோ?"

யோசித்தேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது கடற்கரைக்குப் போனால் அவள் துவாய்களுக்குக் காவலாக இருப்பாள். அவளுக்கு மணலில் இருந்து கதைக்கத்தான் விருப்பம் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் ஊறுகாய்ப் போத்திலையும் வச்சுக்கொண்டு இந்தப் படத்துக்கு முன்னால இருந்த இருப்பைப் பாத்தா, சொல்ல மனம் வரேல்லை."

பிறகு அவள் குனிந்து அந்தக் குடாவைப் பார்த்தாள்.

"இதில எவ்வளவு ஆழம்?"

"கரைக்குக் கிட்டப் போனா நெஞ்சுமட்டும் வரும்."

"ஆரின்ர நெஞ்சு?"

"உம்மட நெஞ்சுமட்டும் எண்டு பாத்து நிப்பாட்டிறன்."

"என்ர இடுப்புமட்டும் எண்டு பாருங்கோ."

படகின் அடி நிலத்தில் முட்டாமல் அவ்வளவு தூரம் கிட்டப் போகலாம் என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். சரி என்றாள். ஒரு ராவு நிற்பம் என்றாள். நான் ஊறுகாய்ப் போத்தலை நகர்த்தி வைத்தேன்.

அவள் விடவில்லை. "அந்தப் பிறந்தநாள் சனிக்கிழமைக்கு வாறம் எண்டு சொல்லிப்போட்டு, காத்துச் சரியில்லாமல் இருந்தா என்ன செய்வியள்?"

"போவன். அதுதான் எனக்குப் பயம்."

"அப்ப அண்ணைக்கு இப்பவே சொல்லுங்கோ."

"நீர் சொல்லும். நீர்தானே கதைக்கிற ஆள்."

"நான் எடுத்தா அவர் ஏசுவார், நான் அழுவன், பிறகு வாறம் எண்டு சொல்லிப்போடுவன். நீங்கள் சொல்லுங்கோ."

தொலைபேசியை எடுத்து, எண்ணையும் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் தந்தாள்.

"மச்சான், அந்தச் சனிக்கிழமை..." என்று தொடங்கினேன். மிச்சம் வரவில்லை.

"ஹலோ? ஆள் நிக்கிறீரோ? என்ன, போட் தண்ணிக்குள்ள தாண்டுட்டுதோ?"

"இல்லை. இன்னும் தண்ணியில விடேல்லை."

"அப்ப ஏன் சாவீட்டுக் குரல்?"

"சனிக்கிழமை வருவம் எண்டு சொல்லேலாது மச்சான். காத்துச் சரியெண்டா வருவம்."

"சரியில்லாட்டி?"

"வரமாட்டம்."

நான் அவருக்கு ஒரு விஷயத்தை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

"என்ர பேத்தியின்ர பிறந்தநாளுக்குக் காத்தைக் கேட்டோ வரப்போறியள்?"

"ஓம்."

"அவளிட்டக் குடும்."

மனைவி தலையை ஆட்டிவிட்டுக் கத்தரிக்காயைக் கையில் எடுத்தாள்.

"அவ கறி வெட்டுறா," என்றேன்.

அவர் வைத்துவிட்டார்.

"கோவிச்சிட்டார்," என்றாள் மனைவி. "ஓம்," என்றேன். அவள் தேத்தண்ணி போட எழும்பினாள். தண்ணீர் கொதிக்க முதலே அவளுடைய தொலைபேசி அடித்தது. மச்சான்தான்.

"எடியே, அந்த மனுசன் வாங்கி வச்சிருக்கிற லைஃப் ஜாக்கெட் உனக்கு அளவோ? போட்டுப் பாத்தனியோ?"

"இன்னும் இல்லை அண்ணை."

"போட்டுப் பார். பெரிசெண்டா தலையால கழண்டு போயிடும். கீழ்ப் பட்டி இருக்குதோ எண்டும் பார். அவருக்கு உதெல்லாம் கேக்க வாய் வராது." கொஞ்சம் நிறுத்தினார். "மண்டபத்தில ரெண்டு கதிரை விட்டு வைக்கிறன். நீங்கள் வராட்டி வேற ஆரும் இருப்பினம்."

"காரால இழுக்க வருவியளோ?"

"அதுக்கு வராமல்? கரையில நிண்டு இழுக்கிறதுக்குக் காத்தைக் கேக்கத் தேவையில்லைத்தானே."

அவள் சிரித்தாள். தேத்தண்ணியோடு வந்து வரைபடத்துக்கு முன்னால் இருந்தாள். குடாவுக்கு மேலிருந்த தாளை உரித்து, தண்ணீரில்லாத இடத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒட்டினாள்.

"கூப்பிடமாட்டன்," என்றாள். "ஆனா இருக்கட்டும்."

மறுநாள் ஸ்கீவக்குப் போய்ப் படகின் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்தோம். பின்னேரம் மழை வந்ததால் ஒரு பக்கம் மிச்சம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.