ஞாயிற்றுக்கிழமைகளில் அளந்த சந்து

ஐந்தடி இரண்டங்குலம். அளவு டேப்பின் ஒரு முனையை அத்தை தன் வீட்டுப் பின்சுவரில் அழுத்திப் பிடித்திருந்தாள். எதிரே இருந்த உயரமான மதிலில் மறுமுனையை வைத்து நான் படித்தேன். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்தவள், படுக்காமல் எனக்காக நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. "இன்னா நைனா, ஒரு கட்டிலு போட எடம் கீதா?" என்று கேட்டாள்.

அவளுக்கு வேண்டியது பகல் தூக்கம். அவ்வளவுதான். கொருக்குப்பேட்டையில் அந்த ஓரறை வீட்டில் மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள், ஓயாத டிவி. காலையில் வந்து படுத்தால் ஆளாளுக்கு அவளைத் தாண்டிப் போவார்கள். ஆயா வேலை, அதுவும் கான்ட்ராக்ட். வார்டில் கண்ணசந்தால் அனுப்பிவிடுவார்கள். "நாலு மணி நேரம் கண்ண மூடிக்கினா போதும்டா" என்பாள். வீட்டுக்குப் பின்னால் கிடந்த சந்தில் ஒரு சின்ன அறை வரைந்து தருகிறேன் என்று நான்தான் முன்வந்தேன். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் நான். குடும்பத்திலேயே படித்தவன் என்ற திமிர் வேறு.

வரைவதற்கு முன்னால் இடத்தைப் படி என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். நான்கு முறை போனேன். வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, கடல்காற்று எந்த மூலையில் நுழைகிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஊதுவத்தி கொளுத்திப் புகை போகும் திசையைக்கூடப் பார்த்தேன். "ரூமு கட்றான்னா பூஜ பண்ணிக்கினு கீறான்!" என்று அத்தை சிரித்தாள். மதிலோரம்தான் குளிர்ச்சி, கட்டிலை அங்கே ஒட்டிப் போடலாம் என்று முடிவு செய்தேன். 'அமைதியான இடம்' என்று பெரிய இவன் மாதிரி எழுதியும் வைத்தேன். எனக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். அன்றைக்குத்தான் டிரெய்லர் லாரிகளில் மாட்டாமல் பஸ் சீக்கிரம் வரும். நான்கு முறையும் ஞாயிறு.

அறை எழும்பிய பிறகு, லீவு போட்டு ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். அத்தை கட்டிலில் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் வாயெடுப்பதற்குள் தரை ஒரு குலுங்கு குலுங்கியது. அட கடவுளே! மதிலுக்கு அந்தப் பக்கம் காலி கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் யார்டு. வாரத்தில் ஆறு நாளும் அடுக்குவார்களாம். ஞாயிறு மட்டும் லீவு.

"முன்னாடியே ஏன் அத்தே சொல்லல?"

"நீதான் அம்மாம் தபா வந்து அளந்தியே நைனா. அதுக்கும் சேத்துத்தான் செவுரு போட்டுகீறேன்னு நெனச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தாள். நான் கட்டிலுக்கடியில் ரப்பர் வைத்தேன். அதிர்வு தரை வழியாக வரும்போது எதை வைத்து என்ன? கட்டிலைத் தள்ளிப் போட அந்த ஐந்தடியில் வேறு பக்கமும் இல்லை. மழைக்காலம் வருவதற்குள், வார்டு நாற்காலியில் தூங்கினாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் நான்தான். இதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இப்போது அந்த அறையில் பழைய துணிமூட்டைகள் கிடக்கின்றன. அத்தை மற்றவர்களோடு முன்னறையில் இரவில் படுக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தார். அவர் மகனுக்கும் இரவு ஷிஃப்ட். அதே மதிலோரம் ஓர் அறை போட வேண்டுமாம். அத்தை என் தோளில் கை வைத்தாள்.

"எங்க அண்ணன் புள்ள. இவன் கைல குடு. நல்லா பாத்து அளப்பான்."

அவள் கிண்டல் செய்யவில்லை.