இரண்டாவது எண்ணிக்கை

கத்தியின் நுனியை எண்ணெயில் தோய்த்து, அளவுகோலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்காரர் கண்ணாடியின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மூக்கன் பாடத் தொடங்கினான். கை நின்றுவிட்டது. கண்ணாடிக்கு ஒரே கோடுதான். நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தால் உடைக்கும்போது அது தன் போக்கில் ஓடிவிடும். தெரிந்தும் தொடர்ந்தார். மேசை விளிம்பில் வைத்துத் தட்டியதும் மூலையில் பிறை மாதிரி ஒரு துண்டு பிய்ந்து விழுந்தது.

மூக்கன் செத்துப் பல வருஷமாகிறது. குரல் வந்தது, கடைக்குள் முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடிக்கணினியிலிருந்து. அவள் படக் கம்பெனியில் பாட்டு தேர்ந்தெடுக்கிறவள். வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. அதற்கு முன் அந்தக் காட்சியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள், சொன்னபடி வந்துவிட்டாள்.

"பாருங்க சார்."

பார்த்தார். மாடியறை ஜன்னல். உள்ளே பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் ஒரு பெண். வெளியே, நிற்க இடமே இல்லாத உயரத்தில், மழையில் நனையாமல் ஒரு பையன். அவன் செத்துப்போனவன் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கு இன்னும் தெரியாது. இரண்டு பேரும் கண்ணாடியின் இரு பக்கமும் கையை வைக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்கன் மட்டும் பாடிக்கொண்டிருந்தான்.

பேசவே மாட்டார்களா என்று கேட்டார்.

"பேய் பேசக் கூடாது சார். பேசினா பசங்க சிரிச்சிடுவாங்க. அதான் பேய் வர்ற இடத்துல எல்லாம் பாட்டு போட்டுடறோம். பாட்டு இருந்தா நம்புவாங்க."

கைதேர்ந்த பாடகர் பாடினால் அந்த இடத்தில் ஒட்டாது, யாரோ ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து தனக்கே பாடிக்கொள்வது போலத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மூக்கனின் பாட்டின் நடுவிலிருந்து ஒரு நிமிஷத்தை, அந்தக் காலத்தில் அவர்கள் குழுவில் கிதார் வாசித்து இப்போது காப்பீடு விற்கும் நண்பன், என்றோ இணையத்தில் போட்டு வைத்திருந்தான். அதைக் கேட்டுத்தான் அவள் தேடி வந்தாள். பாடியவன் உயிரோடு இல்லை என்பது இந்தக் கடைக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வெகுநேரம் தண்ணீர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள்.

"முன்னாடி இருக்கிறதைப் போடலியா?" என்றார்.

"எது சார்?"

"முதல்ல பாட ஆரம்பிச்சு நிறுத்துவானே. சிரிச்சு, அம்மான்னு கூப்பிடுவானே. அது."

அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பாட்டை ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுத்தவரைப் போனில் பிடித்து, இவருக்கும் கேட்கும்படி வைத்தாள். அந்த ஆள் நிதானமாகச் சொன்னார். பழைய நாடா, ஓட்டினால் பூச்சு தூளாகக் கொட்டுகிறது. ஒலி அளவு பார்க்க ஒரு முறை ஓட்டினார். முன்னால் ஏதோ பேச்சு, தையல் மெஷின் சத்தம், எல்லாம் மங்கலாகக் கேட்டது. அதைப் பதிவு செய்யவில்லை. திரும்ப வந்து, குச்சியால் நாலு தட்டும் இடத்திலிருந்து பதிவு செய்தார். அதோடு பூச்சு முழுதும் கொட்டி நாடாவின் கதை முடிந்தது.

"ஆரம்பம்தான் ரொம்பத் தேஞ்சிருந்துச்சு. யாரோ அந்த இடத்தை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டிருக்காங்க. எனக்குச் சொன்னது, நாலு எண்ற இடத்துலேர்ந்து எடுங்கன்னுதான்."

அப்படிச் சொன்னது கண்ணாடிக்காரர். தன் வாயால், போனில் சொன்னது.

அந்த நாட்களில் அவருக்குப் பெயர் இடி. ஒரே ஒரு டிரம், ஓரம் வெடித்த ஒரு சிம்பல், அதை வைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்துக்குக் கிடைத்த பெயர். மூக்கன் மூக்கால் பாடினான். அவனை யாரும் பாடகன் என்று சொன்னதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை. ஆள் பற்றாததால் பாடினான். மூக்கனின் அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். தைத்த துணி மூட்டை மூட்டையாகச் சுவரோரம் கிடந்ததால் அவர்கள் வீட்டு முன்னறையில் எதிரொலி இருக்காது. அங்கேதான் பதிவு செய்தார்கள். இடி குச்சியை நாலு முறை தட்டினார். மூக்கன் ஒரு வரி பாடினான். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. பாடி முடிக்கும்வரை தைக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்; அவருக்குக் காலும் மிதியும் தானாக வேலை செய்யும். மூக்கன் நிறுத்திவிட்டுச் சிரித்தான். "அம்மா, நிறுத்தும்மா" என்றான். மெஷின் நின்றது. இடி மறுபடி நாலு தட்டினார். இரண்டாவது எண்ணிக்கைக்குப் பிறகு வந்ததுதான் பாட்டு.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது.

குழு கலைந்தது. இடி மாமனாரின் கண்ணாடிக் கடையில் சேர்ந்தார், பிறகு கடை அவருடையதாயிற்று. குச்சி பிடித்த கை கத்திக்கும் பழகிவிட்டது. பெண் பிறந்தாள், வளர்ந்தாள், வெளியூரில் படிக்கிறாள். அப்பா ஒரு காலத்தில் டிரம் அடித்தவர் என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வாள். நாடா மட்டும் மூக்கனின் அம்மாவிடம் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. மனசு சரியில்லாதபோது போட்டுக் கேட்பார். இரண்டாவது முறை குச்சி தட்டும் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுவார். பாட்டை அவர் முழுதாகக் கேட்டதே இல்லை. "பாட்டா அது? அவனுக்குச் சளி புடிச்சிருந்தப்ப எடுத்ததுடா" என்பார்.

படத்துக்காக நாடாவைக் கேட்டுப் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான். "என்னைக் கூப்பிடுறான் பாரு, அது இருக்கணும். அவ்வளவு பெரிய தியேட்டர்ல அவன் கூப்பிடறதக் கேக்கணும்." கண்ணாடிக்காரர் இருக்கும் என்றார். டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் போனை வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை என்றார். எண்ணினது நான், எத்தனை முறை எண்ணினேன் என்று எனக்கே நினைவில்லை என்றார். காட்சி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். அவள் படியிறங்கும்போது அழுதாளா என்று கவனிக்கவில்லை. கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சொல்லிவிடுவது என்றுதான் மூக்கனின் அம்மா வீட்டுக்குப் போனார். அந்த அம்மா நல்ல உடை ஒன்றை எடுத்துப் பிரித்து, இடுப்பில் பிடித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை எந்த ஆட்டம், எந்தப் பஸ், தியேட்டரில் ஏசி குளிருமா என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டாராம், பேய்ப் படம் என்றதும் அவள் வரவில்லையாம். "என் பிள்ளை பாடற படத்துல பேய்க்கு என்ன தைரியம் வரும்?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். கண்ணாடிக்காரர் டீயைக் குடித்து முடித்தார். மதிய ஆட்டம் என்றார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

தியேட்டர் முழுக்கப் பிள்ளைகள். நரைத்த தலை இரண்டே, இவர்களுடையது. ஜன்னல் காட்சி வரப்போகிறது என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. முன்னோட்டத்தில் பாட்டைக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடம். மாடியறை திரையில் வந்ததும் அரங்கம் அடங்கியது. குச்சி நாலு முறை தட்டியது. பிள்ளைகள் கைப்பிடிகளில் கூடவே தட்டினார்கள். கண்ணாடிக்காரரின் விரலும் தானாக அசைந்தது.

மூக்கனின் அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த அம்மாவுக்குத் தெரிந்தவரை, நாலு தட்டினால் ஒரு வரி, பிறகு மெஷின், பிறகு சிரிப்பு. தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு வரி முடிந்தது. மெஷின் ஓடவில்லை. இரண்டாவது வரி வந்தது, மூன்றாவது வந்தது. சாய்த்த தலை அப்படியே இருந்தது. அரங்கம் மொத்தமும் மூக்கனோடு சேர்ந்து பாடியது, அத்தனை பேரும் அவனைப் போலவே மூக்கால் பாடினார்கள். கிண்டலுக்கு இல்லை. அந்தப் பாட்டு அப்படித்தான் என்று நினைத்துப் பாடினார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

கடைசி வரி வரும்போது மூக்கனின் அம்மா மணிக்கட்டை விட்டுக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். படம் முடியும்வரை எடுக்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில் சாய்ந்திருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"இதுங்க எல்லாத்துக்கும் சளியா?" என்றார் மூக்கனின் அம்மா. பிறகு, "அது இல்லையேடா இடி" என்றார்.

"இல்லம்மா."

"சரி. படத்துக்கு வேணாம்னு வெட்டிட்டாங்க போல. நாடாவ வாங்கிக் குடு, நான் வீட்லயே கேட்டுக்கறேன்."

"நாடா போச்சும்மா. அதுலயும் இல்ல." பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலு எண்ற இடத்துலேர்ந்து எடுங்கன்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவை எண்ணினது மறந்துடுச்சு. என் தப்பு. முன்னாடியே தெரியும். உங்ககிட்ட சொல்ல வந்தேன், சொல்லல."

ஒரு பஸ் வந்து நின்று, ஏற ஆளில்லாமல் போனது.

"நாடா எப்படிடா போகும்? நல்லாத்தானே ஓடுச்சு. நான் போட்டுப் போட்டுக் கேட்டதுல தேஞ்சிடுச்சா?"

"இல்லம்மா." உடனே சொன்னார். "தொடாம வச்சிருந்தாலும் பழசானா கொட்டிடும். எல்லா நாடாவும் அப்படித்தான்."

அவர் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

"நீ அங்க இருந்தியில்ல. எப்படிக் கூப்பிட்டான்? கூப்பிட்டுக் காட்டு."

கண்ணாடிக்காரர் சுற்றும்முற்றும் பார்த்தார். "அம்மா, நிறுத்தும்மா" என்றார்.

"நீ உங்கம்மாவ இல்ல கூப்பிடற."

மூக்கின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி சொன்னார். எதிரே நின்றிருந்த இரண்டு பிள்ளைகள் இவரைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். சிரித்துவிட்டுச் சொல்லணும், அவன் முதல்ல சிரிச்சான் என்றார் மூக்கனின் அம்மா. கண்ணாடிக்காரர் சிரித்துப் பார்த்தார். இருமல் வந்தது. இன்னொரு முறை சொன்னார். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லடா" என்றார். "விடு. உனக்கும் வயசாயிடுச்சு."

அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள். ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். இறங்கும்போது மூக்கனின் அம்மா, டப்பாவையாவது கொண்டுவந்து கொடு, ஊசி போட்டுவைக்கலாம் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. கண்ணாடிக்காரர் வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தார். பிய்ந்துபோன கண்ணாடிக்குப் பதில் புதிதாக ஒன்று வெட்டினார், அது சரியாக உடைந்தது. ஓரத்தைத் தேய்த்துத் துடைத்துக் காகிதம் சுற்றி வைத்தார். வாடிக்கையாளர் பதினோரு மணிக்கு வந்து எடுத்துப்போனார். பாட்டு தேர்ந்தெடுக்கிற பெண் போன் செய்து, படம் நன்றாக ஓடுகிறது, மூக்கன் பாடியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். மதியம் கடையைப் பூட்டிவிட்டு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறப்பதால் மூக்கனின் அம்மா தைத்துக்கொண்டிருந்தார். அங்கே வை என்றார். மெஷினை நிறுத்தவில்லை. இவர் கொஞ்ச நேரம் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.