ஆறாவது வண்டி

சனிக்கிழமை மதியம் சாய்ந்துவிட்டால் இமோஜீனுக்கு இருப்புக் கொள்ளாது. தண்ணீர் லாரியை மூன்றாவது வளைவின் ஓரம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பந்தய வண்டிகளை ஏற்றிவரும் டிரெய்லர்கள் அந்த வாசல் வழியாகத்தான் கேனி பாட்டம் ஓட்டத்திடலுக்குள் நுழைய வேண்டும். ஒன்று வந்தால் கொஞ்சம் மூச்சு விடுவாள். அது நாலு சிலிண்டர் பொடி வண்டியாக இருந்தால் விட்ட மூச்சை மறுபடி இழுத்துக்கொள்வாள். அவளுக்கு வேண்டியது லேட் மாடல்.

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்து மண் ஓட்டங்களில் லேட் மாடல்தான் ராஜா. வளைத்து அடித்த தகர உடம்பு. கதவு கிடையாது, ஜன்னல் வழியாகக் காலை விட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். வளைவில் அது நேராகப் போகாது. உடம்பைக் குறுக்கே போட்டுச் சறுக்கிக்கொண்டே போகும். மேலே கோபுரத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக் கத்துகிற வேலை என்னுடையது. அந்தக் காலத்தில் முப்பது வண்டிகளின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தொண்டை காய்ந்துவிடும். பிறகு நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பையன்கள் ஒஹாயோவுக்கு வேலைக்குப் போனார்கள். நல்ல வண்டி வைத்திருந்தவர்கள் பெரிய ஊர்ப் பந்தயங்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். அதைத் கைபேசியில் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். டயர் விலையையும் இன்ஜின் விலையையும் பற்றிப் பேசினால் இன்று முழுக்கப் பேச வேண்டும்.

அந்த வருடம் வசந்தத்தில் ஓட்டத்திடல் முதலாளி ஆர்லிஸ் சைஸ்மோர், ஓட்டுநர்களை எல்லாம் கூட்டி வைத்து வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார்: "ஆறு லேட் மாடலாவது வரணும். ஒரு சனிக்கிழமை குறைஞ்சாலும் சரி, அன்னிக்கோட அந்த ஓட்டத்தை எடுத்துருவேன். காலி மண்ணுக்கு விளக்கு போட என்னால ஆகாது."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து இமோஜீனுக்குச் சனிக்கிழமை என்றாலே பயம்.

வார நாட்களில் அவள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைக்கிறவள். ஐம்பத்தேழு வயது. சனிக்கிழமைகளில் தூசி எழாமலிருக்க ஓட்டத்திடல் மண்ணுக்குத் தண்ணீர் விடுவாள். அவள் கணவன் வெர்லினும் நானும் சுரங்கத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் முதுகுவலியோடு வெளியே வந்தேன். அவன் நெஞ்சு முழுக்கக் கரித்தூளோடு வந்தான். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் குப்பி. வாரத்தில் ஆறு நாள் ஜன்னலோர நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். சாப்பாட்டைக்கூட மடியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் விடியும்போதே ஷேவ் செய்து தொப்பியோடு தயாராக இருப்பான். அவனிடம் ஒரு லேட் மாடல் இருந்தது, இருபத்தேழாம் எண். இன்ஜினைக் கட்டியவன் அவன். ஓட்டுகிறவன் அவன் அக்கா மகன் ஷேன். ஓட்டம் முடிகிறவரை வெர்லின் வண்டிகள் தயாராகும் மைதானத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் யோசனை சொல்வான், எல்லோரையும் திட்டுவான்.

"லேட் மாடல் போச்சுன்னா அந்த ஆளு நாற்காலியை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு" என்று இமோஜீன் ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அழவில்லை. இன்று மழை வரும் என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இமோஜீனும் ஒரு காலத்தில் லேட் மாடல் ஓட்டியவள். நன்றாகவே ஓட்டினாள். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு வறண்ட ஜூலையில், அதே மூன்றாவது வளைவில், தூசி சுவர் மாதிரி எழுந்து நின்றது. அதற்குள் ஒரு வண்டி அச்சு முறிந்து குறுக்கே நின்றதை அவள் பார்க்கவில்லை. மோதிய பிறகுதான் தெரிந்தது. அந்த வண்டியில் இருந்தவர் ஆர்லிஸ். இடுப்பெலும்பு நொறுங்கியது. அதன்பின் அவர் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அவளும் அதற்குப் பிறகு பந்தய வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அடுத்த வருடம் தானாகவே போய்த் தண்ணீர் லாரி வேலையைக் கேட்டாள். அவரும் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தது.

ஐந்து லேட் மாடல்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. ஆறாவது வெர்லினுடைய வண்டி. டிரெய்லரில் வந்து இறங்கி, டயர் மாட்டி, பெட்ரோல் ஊற்றித் தயாராக நின்றது. ஓட்டத்தான் ஆள் இல்லை. ஷேன் சரக்கு லாரி ஓட்டுகிறவன். டென்னசியிலிருந்து திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி கவிழ்ந்து கிடக்க, அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டான்.

"அத்தை, முன்னாடியும் போக முடியல, பின்னாடியும் போக முடியல. மனுசங்க லாரியை அணைச்சுட்டு ரோட்டுல இறங்கி நிக்கிறாங்க" என்றான் தொலைபேசியில்.

"எப்பத்தான் வருவே?"

"சத்தியமா தெரியல அத்தை. மாமா கத்துறாரா?"

"கத்தினா பரவாயில்லையே. பேசாம உக்காந்திருக்காரு."

பொடி வண்டிகளின் ஓட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. சூரியன் மலை விளிம்பைத் தொட்டுவிட்டது. ஆர்லிஸ் கம்பை ஊன்றிக் கோபுரத்துக்கு ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"அடுத்தது லேட் மாடல். ஆறு வரிசையில நிக்கலைன்னா நீ அறிவிச்சுரு" என்றார்.

"நானா? நீங்களே சொல்லுங்க. மைக்கு உங்களையும் கடிக்காது" என்றேன்.

அவர் கீழே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். இமோஜீன் தண்ணீர் லாரியிலிருந்து இறங்கி, ஷேனுடைய ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

அங்கே நடந்த பேச்சைப் பக்கத்து வண்டிக்காரர்கள் பிறகு எனக்கு வரி விடாமல் சொன்னார்கள்.

"ஜீன், அதைக் கீழ வை" என்றான் வெர்லின்.

"ஒரு சுத்து. பச்சைக்கொடி காட்டினதும் ஒரு சுத்து ஓட்டிட்டு உள்ள வந்துடறேன். கணக்குக்கு ஆறு."

"கணக்கும் வேணாம், மண்ணும் வேணாம். நீ ஓட்டிப் பத்தொன்பது வருசமாச்சு."

"ஆகட்டும். இந்தக் கைக்கு இன்னும் ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும்."

"எனக்காக நீ இதைச் செய்ய வேணாம்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? நாளையிலேர்ந்து ஏழு நாளும் உன்னை வீட்டுல வச்சுப் பாக்க என்னால முடியாது. எனக்காகத்தான்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. குப்பியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஷேனின் உடுப்பு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கால்பக்கம் இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். ஜன்னலுக்குள் ஒரு காலை விட்டபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தோளைக் கொடுத்து இறக்கினார்கள். இன்ஜின் உறுமியபோது அதிர்வு அவள் பல்லில் தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தச் சத்தத்தை வெளியிலிருந்துதான் கேட்டிருக்கிறாள்.

இதற்குள் ஆர்லிஸ் என் பக்கத்தில் இல்லை. எப்படி இறங்கினாரோ, கம்பைத் தட்டித் தட்டி வேலியைக் கடந்து இருபத்தேழாம் எண் வண்டியின் ஜன்னலுக்கு வந்துவிட்டார். குனிந்து அவள் தோள்வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்து இறுக்கினார்.

"தளர்வா கட்டியிருக்கே."

"ஆர்லிஸ், தூசி எழும்பினா?" அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் கண் அவர் இடுப்பிலேயே நின்றது.

"தண்ணி ஊத்தினது நீதானே? தூசி எழும்பினா உன்னைத்தான் திட்டணும்." கொஞ்சம் நின்று, "உள்ளோரமா, கீழ்ப்பக்கமாவே போ. யாராவது குறுக்கே நின்னா நடுவுல இருக்கிற உள்மைதானத்துக்குள்ள விட்டுரு. அங்க புல்லு மட்டுந்தான் இருக்கு" என்றார்.

நான் ஒலிபெருக்கியில் பெயர்களைச் சொன்னேன். ஆறாவது பெயரைச் சொன்னபோது பாதி காலியாயிருந்த இருக்கைகளிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பழைய ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஏதாவது ஆகிவிட்டால், அவள் பெயரைக் கூவி அழைத்தவன் நானாக இருப்பேனே என்று எனக்குப் பயம்.

பச்சைக்கொடி ஆடியது. ஐந்து வண்டிகளும் பாய்ந்தன. அவள் வெகுதூரம் பின்னால் வந்தாள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பின்பக்க நேர்ப்பாதை. ஒரு சுற்றை முடித்தாள். உள்ளே திரும்பவேண்டிய இடத்தில் வேகத்தைக் குறைத்தாள். வண்டி திரும்பப் போகிறது என்றுதான் நினைத்தேன். திரும்பவில்லை. இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டாள். ஏன் என்று பின்னால் கேட்டதற்கு, "கால் அது பாட்டுக்கு அழுத்திருச்சு" என்றாள்.

மூன்றாவது வளைவில், அவளுக்கு முன்னால் போன வெள்ளை வண்டி சுழன்றது. பின்பக்கம் முன்னால் வந்து, பாதையின் குறுக்கே நின்றது. எச்சரிக்கைக்கான மஞ்சள் விளக்கு எரிவதற்குள் இமோஜீன் அங்கே வந்துவிட்டாள். அதே வளைவு. கோபுரத்திலிருந்து பார்க்க மண்ணும் தகரமும் ஒன்றாகிவிட்டது. நான் ஒலிபெருக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். மோதுகிற சத்தத்துக்காகக் காது காத்திருந்தது.

சத்தம் வரவில்லை. இருபத்தேழாம் எண் வண்டி, வெள்ளை வண்டியின் மூக்கை உரசாமல் கீழ்ப்பக்கமாக நழுவி, உள்மைதானப் புல்லில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு போய் நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. வெள்ளை வண்டிக்காரன் கையைத் தூக்கிக் காட்டினான். இமோஜீனின் கை தெரியவில்லை. ஆட்கள் ஓடினார்கள். அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள்தான் பிரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வெர்லினை ஒருவரும் கவனிக்கவில்லை. வண்டி புல்லுக்குள் போனதைப் பார்த்த நொடியில் அவன் எழுந்து ஓடியிருக்கிறான். ஆக்ஸிஜன் குழாய் நாற்காலியிலேயே தொங்கியது. வேலிவரை போனவன் அங்கேயே கம்பியைப் பிடித்தபடி மடங்கி உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. இமோஜீனிடம் போய்க்கொண்டிருந்த ஆம்புலன்ஸ்காரர்கள் பாதியில் திரும்பி அவனிடம் ஓடினார்கள்.

இமோஜீன் ஹெல்மெட்டோடேயே வந்து மண்ணில் மண்டியிட்டாள். "மூச்சு விடு. வெர்லின், என்னைப் பாரு. மூச்சு விடு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆக்ஸிஜன் முகமூடி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிறம் திரும்பியது. முகமூடியை விலக்கி அவன் பேசிய முதல் பேச்சு: "மூணாவது வளைவுல சீக்கிரமே ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்துட்டே."

"எடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு பேருக்கும் குழி வெட்டியிருப்பாங்க" என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

அன்றைய கணக்கு ஆறு. ஆர்லிஸ் வாக்கு மாறவில்லை, ஓட்டம் தொடர்ந்தது. அடுத்த சனிக்கிழமை ஷேன் வந்துவிட்டான், எண்ணிக்கையும் எப்படியோ தேறியது. அதற்கும் அடுத்த வாரம் நாலு வண்டிதான் வந்தது. அந்தத் தடவை இமோஜீன் ஏறி உட்கார, ஓட்டுநர் இல்லாத வண்டிகூட மைதானத்தில் நிற்கவில்லை. ஆர்லிஸ் ஒலிபெருக்கியை என் கையிலிருந்து வாங்கித் இனி லேட் மாடல் ஓட்டம் இல்லை என்று தானே அறிவித்தார். நாலு ஓட்டுநர்களும் வண்டிகளை டிரெய்லரில் ஏற்றினார்கள்.

குளிர்காலம் இமோஜீன் பயந்தபடிதான் போனது. வெர்லின் ஜன்னலோரமே கிடந்தான். இருபத்தேழாம் எண்ணை ஜார்ஜியாக்காரன் ஒருவன் வந்து வாங்கிப் போனான். அங்கே இன்னும் லேட் மாடல் ஓடுகிறது. வண்டி சாலைத் திருப்பத்தில் மறைகிறவரை வெர்லின் பார்த்தான். பிறகு எங்கள் ஊர்ப் பயற்றுக் குழம்பான சூப் பீன்ஸ் கேட்டான், ஆனால் சாப்பிடவில்லை. அவள் பள்ளியிலிருந்து மதியம் ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடுவாள். மணி அடித்து அவன் எடுக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று கூடச் சமைக்கிறவர்கள் சொன்னார்கள்.

வசந்தத்தில் திடல் திறந்தது. பொடி வண்டிகள் மட்டும். "அந்தத் தையல் மிஷின்களை நான் பாக்க மாட்டேன்" என்று வெர்லின் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். இமோஜீனும் வற்புறுத்தவில்லை. மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் லாரிச் சாவியை எடுக்கும்போது அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான். மைதானத்தில் அவனுக்கு வண்டி இல்லை. அதனால் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்தான். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. மிளகாய்க் குழம்பு ஊற்றிய ஹாட் டாக் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டான்.

லாரியில் இருந்தபடியே அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து எனக்கு இருவரும் தெரிந்தார்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் எழுந்துவிடுவான் என்று நினைத்தோம். எழவில்லை. இரண்டாவதில் யாரையோ கைநீட்டித் திட்டினான். மூன்றாவது முடிந்தபிறகுதான் குப்பியை இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

"அடுத்த வாரம் வருவியா?" என்று அவள் லாரிக் கதவைத் திறந்துவிட்டுக் கேட்டாளாம்.

"அந்த மஞ்சள் வண்டிக்காரனுக்கு ஓட்டவே தெரியல" என்றானாம் வெர்லின், அவ்வளவுதான். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீடு வருகிறவரை அவள் அந்தப் பதிலையே மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு லாரியை ஓட்டினாள்.