கம்பளி அறையும் கொழுந்து மாடியும்

நாலு வருஷம் நான் என் ஸ்பீக்கர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டூடியோவுக்கென்றே செய்தவை, சத்தத்துக்குப் பவுடர் பூசாமல் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று கேள்விப்பட்டுத்தான் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். ஹட்டன் பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, பாட்டுப் பதிவு செய்யும் என் அறை. அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து அவை சொன்னதெல்லாம் பொய். அறையில் கேட்டால் பஜனைப் பாட்டு பிரமாதமாக இருக்கும். அதையே கோயில் மைக்செட்டில் போட்டால் மேளம் மட்டும் இடிக்கும், பாடுகிறவர் எங்கேயோ கிணற்றுக்குள் கிடப்பார். நான் மைக்செட்டைக் குறை சொல்வேன், கோயில்காரர்கள் என்னைக் குறை சொல்வார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம். இரண்டு கோயில் நிர்வாகங்களோடு இன்றும் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

அறையில் குறை இருக்கும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. வெளிநாட்டு ஸ்டூடியோக்களில் சுவர் முழுக்க மெத்தை போல எதையோ ஒட்டியிருப்பதை வீடியோவில் பார்த்திருந்தேன். நம்மிடம் என்ன இருக்கிறது? கம்பளி இருக்கிறது. இந்த மலைக்குளிரில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கம்பளி இல்லாத வீடு உண்டா? சொந்தக்காரர், தெரிந்தவர் என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, நாற்பதுக்கு மேல் பழைய கம்பளிகளைச் சேர்த்து, நாலு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். உள்ளே நின்று கைதட்டினால் எதிரொலி துளியும் இருக்காது. மழைக்காலத்தில் நனைந்த ஆட்டின் வாடை வரும், அது வேறு விஷயம். வருகிறவர்களுக்கெல்லாம் கைதட்டிக் காட்டுவேன். எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள்.

அந்த அறைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். தேயிலை ஃபேக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் அவளுக்கு வேலை. கழுத்தில் கழலை வளர்ந்திருந்தது, சேலைத் தலைப்பால் மறைத்திருந்தாள். அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்.

"கொரலு மாறினாலும் மாறும், மாறாமலும் இருக்கும்னு டாக்டரு சொல்லிட்டாருங்கண்ணே. எம் மகளுக்கு மூணு வயசு. நான் பாடினாத்தான் தூங்குவா. ஒரு தாலாட்டு புடிச்சுக் குடுங்க. எனக்கு இல்லாமப் போனாலும் அவளுக்கு இருக்கணும்."

சொல்லும்போது அவள் கண் கலங்கவில்லை. நான் வழக்கம்போல் கைதட்டி அறையின் பெருமையைச் சொன்னேன்.

மேசையும் நாற்காலியும் போக இடம் இல்லாததால், பாடுகிறவர்களை மூலையில்தான் நிறுத்துவேன். அவளையும் அங்கேதான் நிறுத்தினேன். அவளே கட்டிய பாட்டு. மகளின் செல்லப் பெயரும், மழையும், பக்கத்து வீட்டு நாய்க்குட்டியும் அதில் வந்தன. தணிந்த, கனிந்த குரல். அவள் பாடி முடித்ததும் அறையின் நடுவில் இருக்கும் என் நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்த்தேன். குரலின் கீழ்ப்பகுதி மெலிந்து கேட்டது, அதை ஏற்றினேன். மேல்பகுதி மங்கிக் கேட்டது, அதையும் ஏற்றினேன். இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. அவளும் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். ஃபோனில் ஏற்றிக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அழைத்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டு, நீ பாடும்மானு எங்கிட்டயே வர்றா. யாரோ பாடுறாங்கனு நெனைக்கிறா."

"ஃபோன்ல கேட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்று எரிந்து விழுந்தேன்.

"உங்க மேல தப்பு இல்லீங்க. என் கொரலே வெளிய அப்படித்தான் இருக்கும்போல."

அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. கீழே புடவைக் கடை ரேடியோவில் போட்டுக் கேட்டேன். தெரிந்த டிரைவரிடம் கெஞ்சி பஸ்ஸில் போட்டுக் கேட்டேன். குழந்தை சொன்னது சரிதான். போகிற இடமெல்லாம் யாரோ ஒருத்தி பானைக்குள் தலையை விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். 'ச' வரும் இடமெல்லாம் சீறினாள்.

மறுநாள் காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரே ஒரு தணிந்த சுரத்தை நிற்காமல் ஒலிக்க விட்டேன். நாற்காலியில் இருந்தால் அது கேட்டும் கேட்காமலும் இருந்தது. ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருக்கும் என்று எழுந்து சுவர்ப்பக்கம் குனிந்தேன். குப்பென்று முகத்தில் மோதியது சுரம். பயந்து ஓரடி பின்னால் வந்தேன், குறைந்தது. இன்னும் ஓரடி வைத்தேன், காணாமல் போனது. முன்னால் போனேன், வந்தது.

என் கை ஒயரையும் தொடவில்லை, பொத்தானையும் தொடவில்லை. அதே ஸ்பீக்கர், அதே சுரம். நகர்ந்தது என் தலை மட்டும்தான். அந்தப் பெண்ணை நிறுத்திய மூலைக்குப் போனால் சுரம் கூரைவரை குவிந்து கிடந்தது. நெஞ்செலும்பு அதிர்ந்தது. சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தேன். சத்தம் இருக்கும் இடத்தில் ஒரு வட்டம், இல்லாத இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஒரு மணி நேரத்தில் தரை நிறைந்துவிட்டது. நாலு வருஷமாக நான் சோறு தின்ற, தூங்கிய, சண்டை போட்ட அறையில் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் இருந்திருக்கின்றன.

பிறகு தேடிப் படித்துப் புரிந்துகொண்டேன். சுவருக்குப் போகும் அலையும் திரும்பி வரும் அலையும் சில இடங்களில் சேர்ந்து பெருகுகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. என் அறைக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. அதனால் எல்லாக் கோளாறும் ஒரே இடத்தில் விழுந்தது. அழியும் இடத்தில் நான் நாற்காலி போட்டிருந்தேன். பெருகும் இடத்தில் அவளை நிறுத்தியிருந்தேன். கம்பளி கீச்சென்ற மேல் சத்தங்களைத்தான் குடிக்கும். தணிந்த சுரத்தின் நீண்ட அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கைதட்டினால் அது தெரியாது. ஸ்பீக்கர்கள் நாலு வருஷமாக உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. நான் கேட்டதெல்லாம் அறையை.

நான் ஏற்றியதை இறக்கிவிடலாம். ஆனால் மூலையில் நின்று பாடியபோதே அறையும் அவள் குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வேறு நல்ல இடத்துக்கு எங்கே போவது? வெட்கத்தை விட்டு அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்க மாடிக்கு வாங்கண்ணே" என்றாள். "வேலை செய்யிறப்ப அங்கனதான் பாடிக்கிட்டு இருப்பேன். அங்க பாடினா என் கொரலு எனக்கே புடிக்கும்."

சனிக்கிழமை பிற்பகல் போனேன். ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கறாராகப் பேசினார். "பத்து நிமிசம் ஃபேனை நிப்பாட்டி வைக்கிறேன். அதுக்கு மேல போனா கொழுந்து சூடேறிச் செவந்துரும். தோட்டத்துத் தொரைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

மாடி நீளத்துக்கு வரிசை வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு முழ ஆழத்துக்குப் பச்சைக் கொழுந்து தளர்வாகப் பரப்பியிருந்தது. கொழுந்துக்குக் கீழே கம்பி வலை, வலைக்குக் கீழே ஃபேன் காற்று ஓடுவதற்கு இடுப்பளவு வெற்றிடம். மேலே பழைய மரக்கூரை. ஃபேன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து நின்றபோது நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொன்ன சொல் என்னை விட்டுப் போய், குவியாமல், முட்டாமல், கடைசியில் கூரையில் மெதுவாகப் பட்டு அடங்கியது. நான் அசந்து நின்றேன். ஆழமான, காற்று புகும் பொருளைப் பரப்பி, அதன் பின்னால் வெற்றிடம் விட வேண்டும் என்று இரண்டு நாளுக்கு முன்புதான் படித்திருந்தேன். பெரிய ஸ்டூடியோக்கள் அப்படித்தான் கட்டுகிறார்களாம். இதைக் கட்டியவர்கள் இலை வாடினால் போதும் என்றுதான் கட்டியிருப்பார்கள்.

இரண்டு மைக்குகளை நிறுத்தினேன். அவள் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நின்று, கழுத்தை மறைத்த தலைப்பை விலக்கிவிட்டுப் பாடினாள். மற்றப் பெண்கள் கொழுந்துக்குள் கைகளை வைத்தபடியே நின்றுவிட்டார்கள். ஒருவரும் இருமவில்லை. முதல் தடவை நடுவில் வார்த்தை தவறியது. இரண்டாவது தடவை பாட்டு முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே பத்து நிமிடம் ஆகிவிட்டது. டீமேக்கர் ஸ்விட்சில் கையை வைத்தபடி நின்றார். அவள் கடைசி வரியை முடித்து, கூரையில் அது அடங்கும்வரை அவர் அதை அழுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பளிகளையெல்லாம் கழற்றினேன். மடித்து மடித்து நாலு மூலைகளிலும் இடுப்பளவுக்கு அடுக்கினேன். அந்தத் தடிமன் இருந்தால்தான் நீண்ட அலை கொஞ்சமாவது அடங்கும். ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு முன்னால் இழுத்தேன், நாற்காலியை நடுவிலிருந்து நகர்த்தினேன். பிறகு அவள் பாட்டில் எதையும் ஏற்றாமல், எதையும் இறக்காமல் போட்டேன்.

ஸ்பீக்கர்கள் காணாமல் போய்விட்டன. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிகள் அங்கேதான் இருந்தன, அவற்றிலிருந்து சத்தம் வருவதாகவே தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவே, எதுவுமே இல்லாத இடத்தில், அவள் நின்று பாடினாள். அவள் மூச்சு எடுக்கும் உயரம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் மாடி நீண்டு போனது. கண்ணைத் திறந்தால் சுண்ணாம்புச் சுவர். திரும்பவும் மூடிக்கொண்டேன், கன்னமெல்லாம் நனைந்துவிட்டது.

அன்றே அனுப்பி வைத்தேன். திங்கட்கிழமை பஸ் ஏறும் முன் அழைத்தாள். "ரெண்டாவது வரியிலயே பாப்பா தூங்கிட்டாண்ணே" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

இரண்டு மாதம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். உடம்பு தேறியிருந்தது, கழுத்தில் மெல்லிய தழும்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். ஆனால் டாக்டர் முன்பே சொன்னது நடந்துவிட்டது. குரல் பாதியாகி, கரகரத்து, காற்றாக வந்தது. பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். என் நாற்காலியைக் கொடுத்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டேன்.

முதல் வரி முடிவதற்குள் குழந்தை மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. நேராக நடந்துபோய், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நின்றது. அண்ணாந்து பார்த்தது. பிறகு தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தியது.

எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டை நிறுத்தக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டாதீங்கண்ணே" என்றாள், அந்தக் காற்றுக் குரலில். "நான் அங்கனதானே நிக்கிறேன்."