எஸ்ஸேருக்கு இரண்டாவது குரல்

அண்ணையின் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று மேடத்தின் மைக்குக்குத் தொப்பியாகியிருந்தது. மலைக்காற்று ஒலிப்பதிவில் இரையாமலிருக்க, கொடியில் காய்ந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. லோசான் நகரிலிருந்து மேலே ஏறிப்போனால் வரும் ஒரு மலைப் பண்ணையில் நானும் அண்ணையும் கோடையில் புல் வெட்டினோம். கூடப்பிறந்தவர் அல்ல, அகதி முகாமில் பக்கத்துக் கட்டில்காரர்.

மேடம் பல்கலைக்கழகத்து ஆள். புதிய வரைபடம் அச்சாகும் முன் மலைச்சரிவுகளின் பழைய பெயர்களைப் பதிவுசெய்ய வந்திருந்தார். எனக்கு அந்த வேலையில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஓய்வு நாட்களில் அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பொருள் கேட்டு அரித்தேன். பண்ணையின் செங்குத்துச் சரிவுக்குப் பெயர் எஸ்ஸேர். காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். என்றோ ஒருவன் கோடரியோடு நின்றது ஒரு சொல்லில் அப்படியே இருக்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது.

ஆனால் மேடத்தின் முறை கறாரானது. அந்த நிலத்தில் பாடுபடும் இருவர், யாரும் எடுத்துக்கொடுக்காமல், தாமாகவே பெயரைச் சொல்லவேண்டும். பனிச்சறுக்கு லிஃப்ட் வந்தபின் ஊரார் அந்தச் சரிவை லிஃப்ட்டின் பெயராலேயே அழைத்தார்கள். எங்களை வேலைக்கு அனுப்பும்போதும் எஸ்ஸேர் என்றே சொன்னவர் பண்ணைக்கார அம்மா ஒருவர்தான். இன்னொரு குரல் கிடைக்காவிட்டால் வரைபடத்தில் லிஃப்ட்டின் பெயர்தான் ஏறும். அது அந்த அம்மாவின் புகுந்த வீட்டார் திருத்திய நிலம். அவர் வாசலில் முகம் வாடி நின்றார். நான் சொல்கிறேன் என்று துள்ளினேன். "உனக்குப் பொருளே நான் சொன்னதுதானே, நீ சாட்சியில்லை" என்று மேடம் கையமர்த்தினார்.

அந்நேரம் நீட்டுப்பிடி அரிவாளும் தோளுமாக அண்ணை இறங்கி வந்தார்.

"டேய், என்ரை சொக்ஸை ஏன்ரா உந்தக் குழாய்க்குக் கொழுவி வைச்சிருக்கிறாய்?"

பெயர் என் நாக்கு நுனியில் நின்றது. கடித்துக்கொண்டேன். "அண்ணை, இப்ப எங்கையிருந்து வாறியள்?"

"வேறை எங்கை, எஸ்ஸேரிலையிருந்துதான்! ஒரு கால் மேலை, ஒரு கால் கீழை, ஆடு மாதிரி நிண்டு வெட்டிப்போட்டு வாறன். நீ இஞ்சை துரைமாதிரி கதைச்சுக்கொண்டு நில்."

மேடத்துக்குத் தமிழ் தெரியாது. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வெளிநாட்டுக்காரர் சொன்னால் செல்லுமா என்று பண்ணைக்கார அம்மா தயங்கிக் கேட்டார். "அங்கே புல் வெட்டுகிறவர்தானே? செல்லும்" என்று சொல்லி மேடம் ஒலிப்பதிவை நிறுத்தினார்.

பொருளை அறிந்தவன் நான். அண்ணை அதைக் கேட்டதேயில்லை. ஆனாலும் ஒரு பெயரை உயிரோடு வைத்திருப்பது அங்கே இடுப்பு நோகிறவனின் வாய்தான் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

அந்த வரைபடம் இப்போது ரெனானில் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போனமாதம் ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்த அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எஸ்ஸேரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஓம், பேர் வந்திட்டுது" என்றார். "என்ரை சொக்ஸ் எங்கை?"